ஃபியூஸைப் பிடுங்க வருகிறார்கள், என்ன செய்வது?

இந்த மாதத் தபாலில் பதினேழு கடிதங்கள். பதினொன்று கரண்ட் பற்றியவை. ஆறுக்கு மட்டும் இங்கே இடம் இருக்கிறது, மற்றவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன். முதலில் கடிதம், எழுதியவர் பெயருக்குக் கீழே என் பதில்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் ஸ்பின்னிங் மில்லில் பத்தொன்பது வருஷம் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டவன். டெஸ்டரும் சட்டப் புத்தகமும் ஒரே பையில் இருக்கும். ஆகவே பதிலில் இரண்டு வாசனையும் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் "கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள்" என்று ஒரே வார்த்தையில் எழுதுகிறீர்கள். பாக்கி என்று சொல்லி இணைப்பைத் துண்டிப்பது வேறு. லைன் பழுதாகி நிற்பது வேறு. மின்சாரம் போதவில்லை என்று உத்தரவு போட்டுக் குறைப்பது வேறு. மூன்றுக்கும் சட்டத்தில் கதவு தனித்தனி. தப்பான கதவைத் தட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் வாசலில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

எங்களுடையது சிறிய நூற்பாலை, எச்.டி. (உயர் அழுத்த மின்சார) சர்வீஸ். 2021-ல் எட்டு மாதம் மீட்டருக்கு மூன்று பேஸில் ஒரு பேஸ் வோல்டேஜ் போகவில்லையாம். இப்போது ஆடிட்டில் கண்டுபிடித்து 43 லட்சம் கட்டு என்கிறார்கள். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "பதினைந்து நாளில் கட்டாவிட்டால் சப்ளையை எடுத்துவிடுவோம்" என்று அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மாதப் பில் சராசரி 22 லட்சம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பாக்கியைக் கேட்கவே முடியாது என்கிறார் எங்கள் ஆடிட்டர். உண்மையா?
– ஆர்.கே., உடுமலை

ஆடிட்டர் சொன்னது பாதி சரி. அந்தப் பாதியை மட்டும் நம்பித்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் போன். மின்சாரச் சட்டம் 2003, 56-ஆம் பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் எழுத்து மூலம் தெளிவாக 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது. போனில் யார் சொன்னாலும் அது நோட்டீஸ் ஆகாது. கடிதம் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே பேனாவால் எழுதி, உறையையும் சேர்த்து ஃபைலில் வையுங்கள். உறையைக் கிழித்துப் போடுகிற பழக்கம் நம் மில் ஆபீஸ்களில் இன்னும் போகவில்லை.

அடுத்தது இரண்டு வருஷக் கணக்கு. 56-இன் இரண்டாவது உட்பிரிவில் அப்படி ஒன்று உண்டு. ஒரு தொகை முதன்முதலில் செலுத்த வேண்டியதாகி இரண்டு வருஷம் தாண்டிவிட்டால் அதை வசூலிக்கக் கூடாது, அதற்காக இணைப்பைத் துண்டிக்கவும் கூடாது. பாக்கி என்று தொடர்ந்து பில்லில் காட்டிவந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. இதைப் படித்தவுடன் ஜெயித்துவிட்டோம் என்றுதான் தோன்றும். ஆனால் "முதன்முதலில் செலுத்த வேண்டியது" என்றைக்கு? கரண்ட்டை உபயோகித்த அன்றா, பில் வந்த அன்றா?

ராஜஸ்தானிலிருந்து போன ஒரு வழக்கில், அஜ்மீர் மின் விநியோக நிறுவனத்துக்கும் ரஹ்மத்துல்லா கானுக்கும் இடையிலானது, 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. உபயோகிக்கும்போதே கடமை பிறக்கிறது, பில் கொடுத்த பிறகுதான் அது செலுத்த வேண்டிய தொகையாகிறது என்றது. அங்கே தவறான கட்டணப் பிரிவில் பில் போட்டிருந்தார்கள். தவறு தெரிந்தபின் கூடுதல் பில் அனுப்ப நிறுவனத்துக்கு உரிமை உண்டு, ஆனால் காலம் கடந்த தொகைக்காக இணைப்பைத் துண்டிக்கும் ஆயுதத்தை எடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. வேண்டுமானால் வேறு வழியில் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது.

அடுத்த வருஷமே இன்னொரு தீர்ப்பு. இதில் மனுதாரரும் உங்களைப் போல நூற்பாலைதான், பிரேம் காட்டெக்ஸ், ஹரியானா. மீட்டர் எண்ணை 10-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 5-ஆல் பெருக்கி, 2006 ஆகஸ்டிலிருந்து மூன்று வருஷம் பில் போட்டிருக்கிறார்கள். 2009-ல் கண்டுபிடித்து 1 கோடியே 35 லட்சம் சொச்சம் கேட்டார்கள். ஆலை நுகர்வோர் ஆணையத்துக்குப் போய், இது சேவைக் குறைபாடு என்றது. கணக்கில் விட்டுப்போனதைப் பிறகு கேட்பது சேவைக் குறைபாடு ஆகாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் மீட்டரும் இந்த வண்டியில்தான் ஏறப் பார்க்கிறது. அதனால் "காலாவதி, காலாவதி" என்று மட்டும் வாதாடிக்கொண்டு இருக்காதீர்கள்.

இப்போதைக்கு உங்களுக்கு உபயோகமானது 56(1)-இன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் விலக்கு. தொகையில் தகராறு இருந்தால், எதிர்ப்புத் தெரிவித்துவிட்டு, கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. உங்கள் கணக்கில் கேட்டது 43 லட்சம், சராசரி 22 லட்சம். ஆக 22. டி.டி.யோடு வைக்கும் கடிதத்தில் "ஆட்சேபணையுடன் செலுத்துகிறோம்" என்ற வார்த்தை கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒப்புக்கொண்டு முதல் தவணை கட்டினீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

அப்புறம் தொகையைப் பிரித்து மேயுங்கள். ஒரு பேஸ் போகவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள். எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து வோல்டேஜ் விழுந்தது என்பது மீட்டருக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அந்த டவுன்லோடு அறிக்கையையும், மீட்டர் சோதனைப் பிரிவு அந்த வருஷம் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள்களையும் எழுதிக் கேளுங்கள். எட்டு மாதத்தின் நடுவில் ஒரு தடவை அவர்களே வந்து "மீட்டர் சரி" என்று எழுதிவிட்டுப் போயிருந்தால், உங்கள் 43 லட்சம் அங்கேயே உடையத் தொடங்கும். அந்த எட்டு மாதத்து நூல் உற்பத்திக் கணக்கையும் எடுத்து வையுங்கள். கிலோவுக்கு எத்தனை யூனிட் என்று போட்டால், விட்டுப்போன யூனிட் நிஜமாக எவ்வளவு என்று மில்காரனுக்கு ஆடிட்காரரைவிட நன்றாகத் தெரியும்.

புகாரை உங்கள் மின்பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் கொடுங்கள். அங்கே சரிவராவிட்டால் உத்தரவு வந்த 30 நாளுக்குள் கிண்டியில் இருக்கும் மின்குறை தீர்ப்பாளர். இதற்கிடையில் பணம் வாங்கிக்கொண்ட பிறகும் துண்டிக்க ஆள் வந்தால் மட்டும் உயர் நீதிமன்றம் போங்கள். எடுத்த எடுப்பில் ரிட் போட்டால் "மன்றம் இருக்கிறதே, அங்கே போ" என்று திருப்பி அனுப்புவது சகஜம்.

ஓசூர் பக்கம் சிறிய ஃபவுண்டரி வைத்திருக்கிறேன். இண்டக்‌ஷன் ஃபர்னேஸ். போன மாதம் மட்டும் ஃபீடர் (துணை மின்நிலையத்திலிருந்து வரும் லைன்) இருபத்திரண்டு தடவை டிரிப். இரண்டு தடவை உருகின இரும்பு உள்ளேயே உறைந்து ஃபர்னேஸின் உள்பூச்சு லைனிங் போய்விட்டது. ஆறு லட்சத்துக்கு மேல் நஷ்டம். கேஸ் போடலாமா?
– டி.வி., ஓசூர்

வயிறு எரிகிறது. மில்லிலாவது கரண்ட் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தால் ரிங் ஃபிரேமில் இழை அறுந்து, பெண்கள் ஓடி ஓடிப் பிணைத்துவிடுவார்கள். ஃபர்னேஸில் உறைந்ததைப் பிணைக்க முடியாது.

ஆனாலும் நேராகவே சொல்கிறேன். ஆறு லட்சத்தையும் முழுசாக வாங்கித் தருகிற கதவு எதுவும் எனக்குத் தெரிந்து சுலபமாகத் திறக்காது. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் செயல்தர விதிகளில், குறித்த மணிநேரத்துக்குள் சப்ளையைத் திருப்பித் தராவிட்டால் இழப்பீடு உண்டு. அது டீச்செலவுக்கு வரும், லைனிங்குக்கு வராது. நுகர்வோர் ஆணையம் உங்களை "வணிக நோக்கத்துக்குச் சேவை பெற்றவர்" என்று வாசலிலேயே நிறுத்தும். மிச்சம் இருப்பது சிவில் வழக்கு. அதில் கரண்ட் நின்றது என்று காட்டினால் போதாது, அவர்கள் அசட்டையால் நின்றது என்று நிரூபிக்க வேண்டும். புயலில் கம்பி அறுந்தால் அசட்டை இல்லை. மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் கம்பியை உரசும் புளியமரக் கிளையை வெட்டாமல் விட்டால் அசட்டை. வழக்குப் போடுவதற்கு முன் உங்கள் சப்ளை அக்ரிமென்ட்டை எடுத்துப் படியுங்கள். சப்ளை தடைபட்டால் நஷ்டம் கேட்கக் கூடாது என்று ஒரு வரி அதில் இருந்தால், அதைத் தாண்டும் வழியை வக்கீலிடம் முதலில் பேச வேண்டும்.

இருபத்திரண்டு டிரிப் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எங்கிருந்து வந்த எண்? மனசிலிருந்தா, நோட்டிலிருந்தா? இதுதான் என் முதல் கேள்வி. எங்கள் மில்லில் 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று பேனல் ரூமில் சணலில் கட்டித் தொங்கும். கரண்ட் போன நேரம், வந்த நேரம், எந்த மெஷின் நின்றது, துணை மின்நிலையத்தில் போனை எடுத்தவர் என்ன சொன்னார், ஷிஃப்ட் ஃபிட்டர் கையெழுத்து. அவ்வளவுதான் அதில் இருக்கும். பெட்ரோல் பங்க் காலண்டர் மாதிரி எண்ணெய்க்கறை படிந்த நோட்டு. கோர்ட்டில் அதற்கு இருக்கும் மரியாதை, வழக்குக்காக நேற்று டைப் அடித்த எக்செல் தாளுக்கு இல்லை.

அந்த நோட்டை மூன்று மாதம் எழுதி, மீட்டரின் பதிவையும் சேர்த்து, மேற்பார்வைப் பொறியாளருக்கு மனு கொடுங்கள். நஷ்டம் கேட்டு அல்ல, ஃபீடரைப் பிரிக்கச் சொல்லி. ஒரே லைனில் பத்துக் கிராமமும் உங்கள் ஃபர்னேஸும் தொங்கிக்கொண்டிருந்தால் கிராமத்தில் எது பழுதானாலும் நீங்கள்தான் டிரிப் ஆவீர்கள். தனி ஃபீடருக்கு ஆகும் செலவைக் கணக்குப் பாருங்கள். வழக்கின் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் அப்படிப் பார்த்துவிட்டு எனக்கு ஃபீஸ் தராமல் லைனுக்குப் பணம் கட்டினார்கள். கெட்டிக்காரர்கள்.

தூத்துக்குடியில் மீன் பதப்படுத்தும் யூனிட். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கம்ப்ரஸர், பேனல் எல்லாம் முங்கிவிட்டது. ஒரு வாரத்தில் சப்ளை வந்துவிட்டது, ஆனால் பிப்ரவரி வரை எங்களால் ஒரு மோட்டாரும் ஓட்ட முடியவில்லை. ஆனாலும் டிமாண்ட் சார்ஜ் 90 சதவீதத்துக்குப் போட்டார்கள், கட்டிவிட்டோம். ஓடாத ஃபேக்டரிக்கு எதற்கு டிமாண்ட் சார்ஜ்?
– ஜே.எம்., தூத்துக்குடி

இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டு வயசு.

எச்.டி. கட்டணம் இரண்டு துண்டு. உபயோகித்த யூனிட்டுக்கு ஒன்று. உங்களுக்காக இத்தனை கே.வி.ஏ. (மின்சுமையின் அளவு) எப்போதும் தயாராக ஒதுக்கி வைத்திருப்பதற்கு ஒன்று. இரண்டாவதுதான் டிமாண்ட் சார்ஜ். 2022 செப்டம்பரில் கே.வி.ஏ.வுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550-க்கு ஏற்றினார்களே, அது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அனுமதிச் சுமையில் 90 சதவீதம் அல்லது பதிவான டிமாண்ட் (அந்த மாதம் மீட்டரில் ஏறிய உச்சச் சுமை), எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். ரூம் போட்டுவிட்டுத் தூங்கவில்லை என்றால் லாட்ஜ்காரன் வாடகையைத் திருப்பித் தருவானா என்பது அவர்கள் வாதம். லாட்ஜ்காரனே ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தால்? இது நம் வாதம்.

1970-களில் ஹரியானாவில் மின்வெட்டு வந்தபோது நார்தர்ன் இந்தியா அயர்ன் அண்ட் ஸ்டீல் என்ற ஆலையும் வேறு சில ஆலைகளும் உச்ச நீதிமன்றம் வரை போனது இதற்காகத்தான். வாரியத்தால் கேட்ட அளவு தர முடியாமல் போன காலத்துக்கு டிமாண்ட் சார்ஜை அதே விகிதத்தில் குறைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அவர்கள் கட்டண விதியிலேயே அதற்கு ஒரு வாசகம் இருந்தது. 1989-ல் பீகாரின் தனாவத் அரிசி ஆலை வழக்கிலும் குறைந்தபட்ச உத்தரவாதக் கட்டணத்துக்கு இதே பாதையில் போனார்கள்.

அதே காலத்தில் எதிர்ப்பக்கத்திலும் ஒரு தீர்ப்பு உண்டு. ரேணுகூட்டில் இருக்கும் ஹிந்தால்கோ அலுமினிய ஆலைக்கு உத்தரப் பிரதேச அரசு மின்சாரத்தை நிறுத்தி உத்தரவு போட்டது. சப்ளையை "முறைப்படுத்த" அரசுக்கு அதிகாரம் இருந்தால் அதற்குள் அடியோடு நிறுத்துவதும் அடங்கும் என்று 1979-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆக, வெட்டலாமா என்று கேட்டால் பெரும்பாலும் தோற்போம். வெட்டிய நாளுக்குக் காசு வாங்கலாமா என்று கேட்டால் ஜெயிக்க வழி உண்டு.

நம் மாநிலத்துக்கு வருவோம். தமிழ்நாடு மின்சார வழங்கல் விதித்தொகுப்பில் 6-ஆவது விதியைப் பிரித்துப் பாருங்கள். புயல், வெள்ளம், தீ, வேலைநிறுத்தம் போன்றவற்றால் வாரியம் மின்சாரம் தர முடியாமல் போனாலோ, அதே மாதிரி காரணங்களால் நுகர்வோர் மின்சாரத்தை உபயோகிக்க முடியாமல் போனாலோ, கணக்கிடத்தக்க டிமாண்டில் 20 சதவீதம் அல்லது பதிவான டிமாண்ட், எது அதிகமோ அதை வாங்கலாம் என்கிறது. நுகர்வோர் என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா? லைன் வந்துவிட்டது, ஆனால் உங்கள் பேனல் சேற்றில் கிடக்கிறது. அப்போதும் இந்த விதி உங்களுக்கு உண்டு.

கொரோனா ஊரடங்கின்போது தமிழ்நாடு ஸ்பின்னிங் மில்ஸ் சங்கமும் மற்றவர்களும் இதை வைத்துத்தான் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். ஊரடங்கு காலத்துக்கு 90 சதவீதம் வாங்கக் கூடாது, 20 சதவீத விதிதான் பொருந்தும் என்று 2020 ஆகஸ்டில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார்.

உங்கள் விஷயத்தில் ஒரு சுருக்கு இருக்கிறது. "எது அதிகமோ" என்ற அந்த இரண்டு சொல். டிசம்பர் பில்லில் வெள்ளம் வருவதற்கு முன்பான பதினாறு நாள் நீங்கள் முழுச் சுமையில் ஓட்டியிருப்பீர்கள். அந்த மாதத்தின் பதிவான டிமாண்ட் அதுவே. 20 சதவீதத்தைவிட அது அதிகம், ஆக டிசம்பருக்கு இந்த விதியால் பெரிய லாபம் இல்லை. ஜனவரி அப்படி இல்லை. அந்த மாதம் முழுக்க ஒன்றுமே ஓடவில்லை, பதிவான டிமாண்ட் பல்பு எரிந்த அளவுதான். ஜனவரிக்கு 20 சதவீதத்துக்கு மேல் வாங்கியதைத் திருப்பிக் கேளுங்கள். சேர்க்க வேண்டியவை: வருவாய்த் துறையின் வெள்ளச் சேதச் சான்று, இன்சூரன்ஸ் சர்வேயர் அறிக்கை, மோட்டார் ரீவைண்டிங் கடைப் பில்கள், தண்ணீர் நின்ற அடையாளம் தெரிகிற சுவர்ப் படம். முதல் மனு மேற்பார்வைப் பொறியாளருக்கு. ஏற்கெனவே நாள் கடத்திவிட்டீர்கள், இனிமேலும் கடத்தாதீர்கள்.

மூடிக்கிடந்த மில்லை பேங்க் ஏலத்தில் வாங்கினோம். புது கனெக்‌ஷன் கேட்டால், பழைய ஓனர் 2010 முதல் 2012 வரை மின்வெட்டுக் காலத்தில் கோட்டாவை மீறியதற்கான அபராதம், வட்டியோடு பாக்கி இருக்கிறது, அதைக் கட்டினால்தான் தருவோம் என்கிறார்கள். ஏலத்தில் வாங்கியவர் எதற்குக் கட்ட வேண்டும்?
– எஸ்.பி., திண்டுக்கல்

ஏல அறிவிப்பில் "உள்ளது உள்ளபடி, இருக்கிறது இருக்கிறபடி" என்று ஒரு வரி இருந்திருக்குமே. அந்த வரிக்கு விலை இதுதான்.

கே.சி. நினன் வழக்கு என்று கேரளத்திலிருந்து போனது. அதோடு இதே மாதிரி வழக்குகளைச் சேர்த்து விசாரித்து 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பழைய பாக்கியைக் கட்டினால்தான் அந்த இடத்துக்கு மின்சாரம் என்று விநியோக விதிகளில் இருந்தால், அந்த நிபந்தனை செல்லும். பாக்கி பழைய ஓனருடையதாக இருந்தாலும் சரி. அந்த வழக்குகளில் மட்டும், ஏலத்தில் வாங்கியவர்கள் இணைப்புக்கு மனுச் செய்த நாளிலிருந்தான வட்டியைத் தன் தனி அதிகாரத்தில் தள்ளுபடி செய்தது. நீங்களும் வட்டியில் சலுகை கேட்டுப் பாருங்கள். அசலில் இருந்து முழுசாக விடுபடலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள்.

ஆனால் அசலே சரியான அசல்தானா? அந்தக் காலத்தை நான் உள்ளே இருந்து பார்த்தவன். 2008 நவம்பரிலிருந்து எச்.டி. ஆலைகளுக்கு 40 சதவீத வெட்டு. மாலை ஆறு முதல் பத்து வரை பத்தில் ஒரு பங்கு மட்டும்தான் எடுக்கலாம். மீறினால் பல மடங்கு கட்டணம். வெட்டின் அளவு ஏறி இறங்கி, கடைசியில் எடுக்கப்பட்டது 2015 ஜூனில். காற்றாலை வைத்திருந்தவர்களுக்குக் காற்று வீசும் மாதங்களில் எவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்பது தனி ரகளை. ஆணையத்துக்கும் டெல்லி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் நடக்காத ஆலைச் சங்கம் இல்லை.

எங்கள் மில்லுக்கும் ஒரு மாதம் அபராதம் வந்தது. மாலை வரம்பை மீறினோமாம். எங்கள் நோட்டைப் பார்த்தால் தினமும் பத்து மணி இரண்டு நிமிஷத்துக்குத்தான் ரிங் ஃபிரேம் ஸ்டார்ட். மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். ஒரு நாள் ராத்திரி மீட்டர் டிஸ்ப்ளேயில் நேரம் வரும்வரை பட்டனை அமுக்கிக்கொண்டே நின்றேன். என் கடிகாரத்தில் 10.14, மீட்டரில் 10.02. மீட்டருக்குள் இருக்கும் கடிகாரம் பன்னிரண்டு நிமிஷம் பின்னால் ஓடுகிறது! நாங்கள் பத்து மணிக்கு மேல் போட்ட லோடெல்லாம் அதற்கு ஒன்பதே முக்காலுக்கு மேல் போட்ட லோடு. கடைசி அரை மணித் துண்டில் டிமாண்ட் ஏறிவிட்டது. எழுதிக் கொடுத்து, சோதனைப் பிரிவு வந்து பார்த்து, அபராதம் ரத்தாகப் பதினாலு மாதம் ஆயிற்று. நோட்டு இல்லாவிட்டால் கட்டியிருப்போம்.

எதற்கு இந்தக் கதை என்றால், உங்களிடம் கேட்கும் பாக்கிக்கும் மாத வாரியான கணக்கைக் கேட்டு வாங்குங்கள். அன்றைய கோட்டா எவ்வளவு, எந்த உத்தரவின்படி, பழைய ஓனர் ஆட்சேபித்தாரா, வழக்கு ஏதும் தொங்குகிறதா, செக்யூரிட்டி டெபாசிட்டைக் கழித்தார்களா. டெபாசிட்டைக் கழிக்காமலே முழுத் தொகையைக் கேட்ட ஃபைலை நான் பார்த்திருக்கிறேன். பழைய ஓனர் உயிரோடு இருந்தால் ஒரு பெட்டி ஸ்வீட்டோடு போய் அவர் வீட்டுப் பரணில் பழைய ஃபைல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

என் லேத் பட்டறைக்கு அடுத்த பட்டறையில் பாக்கிக்காக ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். பாவம் என்று சுவர் வழியாக ஒரு வயர் கொடுத்தேன். மின்வாரிய ஸ்குவாடு வந்து எனக்கு அசெஸ்மென்ட் (இவ்வளவு கட்டு என்ற கணக்கு) போட்டுவிட்டது. நான் திருடவில்லையே?
– கே.எஸ்., கணபதி, கோவை

திருடவில்லை. அதனால்தான் மின்சாரச் சட்டத்தில் திருட்டுக்கான 135-ஆம் பிரிவில் கேஸ் இல்லை, 126-ஆம் பிரிவு மட்டும். அனுமதித்த இடத்துக்கு வெளியே கரண்ட்டைக் கொடுத்தால் "அனுமதியற்ற உபயோகம்". கட்டணம் இரு மடங்கு, எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்கு. வயரைக் கொடுத்தது எட்டு நாள்தான் என்றால் பக்கத்துக் கடைக்காரருக்குத் துண்டித்த தேதியைக் காட்டி ஆட்சேபணை எழுதுங்கள், தற்காலிக உத்தரவு கையில் இருக்கும்போதே. இறுதி உத்தரவு வந்துவிட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதுவும் பாதித் தொகையைக் கட்டிய பிறகு. சிவில் கோர்ட்டுக்கு இதில் இடமில்லை என்று 145-ஆம் பிரிவு சொல்கிறது. நுகர்வோர் ஆணையமும் கூடாது என்று 2013-ல் அனீஸ் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வயரை இன்றைக்கே எடுங்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் தையல் யூனிட் வைத்திருக்கிறோம், கூட இரண்டு பெண்கள். நியூட்ரல் கட் ஆகி வோல்டேஜ் ஏறி நாலு மெஷின் மோட்டார் புகைந்துவிட்டது. கம்பெனி என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்கிறார்கள்.
– எம்., திருப்பூர்

போகலாம் தங்கச்சி. ஓசூர்க்காரருக்குச் சொன்ன பதில் உங்களுக்குப் பொருந்தாது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துகிற தொழிலை "வணிக நோக்கம்" என்பதிலிருந்து 2019 நுகர்வோர் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. நீங்களே மெஷினில் உட்கார்ந்து தைக்கிறீர்கள் என்பதை மனுவில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், உங்கள் அளவுக்குக் கட்டணமும் இல்லை. அன்றைக்குத் தெருவில் வேறு யார் வீட்டு ஃபிரிட்ஜ், டி.வி. போயிற்று என்று விசாரித்து இரண்டு பேரிடமாவது எழுதி வாங்குங்கள். ஒரு வீட்டில் மட்டும் போனால் உங்கள் வயரிங் கோளாறு என்பார்கள், தெருவே போனால் அப்படிச் சொல்ல முடியாது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் செய்தபோது தந்த புகார் எண்ணையும் குறித்து வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய மோட்டார் ரிப்பேர் ரசீதின் படத்தில் தொகையே தெரியவில்லை. அது தெர்மல் பேப்பர், ஜன்னல் ஓரம் வைத்தால் வெளுத்துவிடும். இன்றைக்கே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, கடைக்காரரிடம் சீல் வாங்கி, ஒன்றை எனக்கு அனுப்புங்கள்.